புறப்பட்டுப் போன பை

புஸ்பராணிக்குக் கோபம் வந்தால் வாய் திறக்க முதல் கை வேகமாகும். பாலையூற்றுச் சங்கக்கடையில் சாமான் வாங்குகிற ஆட்களுக்கு இது நல்லாய்த் தெரியும். வரிசையில் நிற்கிற யாராவது தேவையில்லாமல் வாயைக் கொடுத்தால், சீனி அள்ளுகிற கரண்டி தராசுத் தட்டில் டங் டங்கென்று விழும். நிறை மட்டும் ஒருநாளும் பிசகாது. அந்த வருசம் புதுவருசத்தை ஒட்டி இரண்டு மூன்று கிழமையாய்க் கரண்டி ஓயவேயில்லை. குற்றம் வரிசையில் நின்ற சனத்தில் இல்லை, வீட்டில். சனிக்கிழமை போய் ஞாயிறு திரும்புகிற ஒரு பயணம், திருகோணமலையிலிருந்து பொலன்னறுவைக்கு. விடிய வெளிக்கிட்டால் மத்தியானச் சாப்பாட்டுக்கு அங்கே நிற்கலாம். அதற்கு அவள் பட்ட பாடு, சீமைக்குக் கப்பல் ஏறுகிறவனும் பட்டிருக்க மாட்டான்.

அது தொண்ணூற்றைந்தாம் ஆண்டு. தைப்பொங்கலுக்குச் சற்று முன்னம் சண்டையை நிறுத்திவிட்டுப் பேச்சுவார்த்தை என்று தொடங்கியிருந்தார்கள். என்ன பேசினார்களோ, பாலையூற்றுச் சனத்துக்குத் தெரிந்ததெல்லாம், கந்தளாய் றோட்டில் பஸ்ஸை விட்டு இறக்கி நடக்கவிடுகிற இடங்கள் குறைந்துபோனதுதான். ஐந்து வருசமாய் அடைபட்டுக் கிடந்த சனம், கூட்டைத் திறந்துவிட்ட கோழிகள் மாதிரி வெளிக்கிட்டது. ஒருத்தர் பேராதனைப் பூந்தோட்டம் பார்த்து வந்தார். ஒருத்தி கதிர்காமம் போய்வந்தாள். கடையில் அவளோடு வேலை செய்த கிறிஸ்டின் தன் புருசன் சூசைப்பிள்ளையோடு தலவிலை அன்னம்மாள் கோயிலுக்குப் போய், கடற்கரையில் நின்று எடுத்த படத்தைக் கல்லாப்பெட்டிமேல் சாத்தி வைத்திருந்தாள். புஸ்பராணி சாமான் நிறுத்துக்கொண்டே எல்லாருடைய கதையும் கேட்டாள். கேட்கக் கேட்க அவளுக்குக் கொதி ஏறியது.

ஒருநாள் பின்னேரம் வீட்டுக்குப் போனதும் பிள்ளைகளைக் கூப்பிட்டாள். புதுவருசம் கழிந்து அடுத்த கிழமை எல்லாரும் பொலன்னறுவைக்குப் பயணம் போகிறோம், என்னென்ன கொண்டுபோக வேணுமோ யோசித்து வையுங்கோ என்றாள். மூத்தவன் பிரதீபனுக்குப் பதின்மூன்று வயது. சரித்திரப் புத்தகத்தில் கல்லிலே செதுக்கின பெரிய புத்தர் படுத்திருக்கிற படம் இருக்கு, அதைக் கிட்டப் போய்த் தொட்டுப் பார்க்க விடுவாங்களோ என்று துள்ளினான். சின்னவள் துளசிக்கு ஆறு வயது. அவள் துள்ளவில்லை. கொஞ்சம் யோசித்துவிட்டுக் கேட்டாள்.

"எந்தப் பள்ளிக்கூடத்திலை அம்மா படுக்கிறது?"

புஸ்பராணிக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கினதும் அடுப்பில் ஏதோ தீய்கிற மாதிரிக் குசினிக்குள் போய்விட்டாள். இந்தப் பிள்ளை நடை பழகினதே தொண்ணூறாம் ஆண்டு, அகதியாய்க் கிடந்த பள்ளிக்கூடத்தில், வாங்குப் பலகையின் காலைப் பிடித்துக்கொண்டு. அதற்குப் பிறகும் எத்தனை தரம் ஓடினார்கள். அவளின் கணக்கில் வீட்டை விட்டு வெளிக்கிடுவதென்றால் ஓடுவது. போய்ச் சேருகிற இடம் ஏதாவதொரு பள்ளிக்கூடம். பிள்ளையில் பிழை சொல்ல என்ன இருக்கிறது? ஒருக்காலாவது இந்தப் பிள்ளைகள் ஓடுவதற்கில்லாமல், ஊர் பார்ப்பதற்கென்று பை கட்டவேணும். சிரித்துக்கொண்டு போய், அலுத்துக் களைத்துத் திரும்பிவந்து, தங்கள் பாயில் படுக்கவேணும். புஸ்பராணிக்கு வேண்டியிருந்தது இவ்வளவுதான். பொலன்னறுவையில் கல் நின்றாலென்ன, விழுந்தாலென்ன.

இதை அவள் ஒருத்தருக்கும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் மற்றவர்கள் இவ்வளவு ஆக்கினைப்படுத்தியிருக்க மாட்டார்களோ என்னவோ.

முதல் ஆக்கினை புருசன். ஆனந்தராசா பஸ் டிப்போவில் நேரக்காப்பாளர். ராகு காலமோ எமகண்டமோ, ஒன்றும் பாராமல் ஊர்ப் பஸ்ஸெல்லாவற்றையும் விசில் ஊதி நேரத்துக்கு அனுப்புகிற மனுசன். ஆனால் தான் கால் எடுத்து வைப்பதென்றால் பஞ்சாங்கம் பார்க்காமல் படலையைத் தாண்டமாட்டார். தலைமயிர் வெட்டப் போகவும் நாள் பார்க்கிறவர். பொலன்னறுவை என்றதும் அங்கே என்னத்துக்கு என்றார். சோழர் கட்டின சிவன் கோயில் இருக்கு என்று கிறிஸ்டின் சொல்லிக்கொடுத்ததைப் புஸ்பராணி எடுத்துவிட்டாள். ஒரு கிறிஸ்தவப் பொம்பிளை சொல்லித்தான் எங்கடை கோயில் எங்கே இருக்கு என்று நான் அறியவேண்டியிருக்கு என்று புறுபுறுத்தாலும், அந்தக் கதையில் ஆள் விழுந்துவிட்டார்.

இரண்டாவது ஆக்கினை அவரின் தமக்கை நல்லம்மா. திரியாயில் இருந்து இடம்பெயர்ந்து வந்து இவர்களோடுதான் இருந்தா. கோயில் என்ற சொல் காதில் விழுந்ததும் தானும் வருவேன் என்றா. வரட்டும். முழங்கால் மடக்க ஏலாது, ஆனபடியால் முன் சீற்று தனக்கு என்றா. சரி. கடைச் சாப்பாடு ஒத்துக்கொள்ளாது, ஆனபடியால் மண்ணெண்ணெய் அடுப்பும் வரவேணும் என்றா. புஸ்பராணி பல்லைக் கடித்துக்கொண்டு அதற்கும் தலையாட்டினாள். வழிக்கு இடியப்பமும் அவித்த முட்டையும் என்று அவள் போட்டிருந்த திட்டமும் பாழ். சிவன் கோயிலுக்குப் போகிற வானுக்குள் முட்டை மணக்கக்கூடாதாம். அங்கே பூசை நடந்து எத்தனையோ நூற்றாண்டு, மச்சாள், வெறும் கல்லுத்தான் நிக்குது என்று புஸ்பராணி சொல்லிப் பார்த்தாள். பூசை இல்லாட்டியும் சிவன் இருப்பார்தானே என்று நல்லம்மா கேட்டா. அதற்கு மேல் என்ன கதைக்கிறது.

வான்காரர் றஹ்மான் நானா ஒருத்தர்தான் கரைச்சல் தராதவர். நல்ல சிங்களம் பேசுவார். கந்தளாயிலும் ஹபரணையிலும் எந்தச் சாவடியில் எப்படிக் கதைக்கவேணும் என்று தெரிந்த ஆள். பொலன்னறுவையில் ஒரு சின்ன விடுதியிலும் இடம் சொல்லி வைத்தார். ஆனால் எல்லாரும் இப்போது பயணம் போகிற காலம், அவரிடம் மிச்சமிருந்தது அந்த ஒரேயொரு சனிக்கிழமைதான். அதை விட்டால் வைகாசி கடைசியில்தான் வான். புஸ்பராணி அந்தச் சனிக்கிழமையைப் பிடித்துக்கொண்டாள்.

புதுவருசமும் வந்தது. அந்த முறை பெரிய வெள்ளியும் அதே நாளில் வந்ததால், இங்கே பொங்கல் பொங்க, றோட்டுக்கு அந்தப் பக்கம் கிறிஸ்டின் வீட்டில் உபவாசம். புஸ்பராணி துளசிக்கு மஞ்சள் பூப்போட்ட சட்டையொன்று தைத்திருந்தாள். வளருகிற பிள்ளை என்று கீழ்க்கரையை நாலு விரல் அகலத்துக்கு உள்ளே மடித்துத் தைத்திருந்தாள். புதுவருசத்துக்கு ஒருக்கால் போட்டுவிட்டுக் கழற்றி, இனிப் பொலன்னறுவையில்தான் என்று மடித்து வைத்தாள். பிள்ளை அழுதாள். அழட்டும் என்று விட்டாள்.

எல்லாம் சரிவந்துவிட்டது என்று அவள் மூச்சு விட்ட நேரம் பார்த்து, திங்கட்கிழமை காலையில் ஆனந்தராசா பஞ்சாங்கத்தைத் தூக்கிக்கொண்டு குசினி வாசலில் வந்து நின்றார். சனியும் ஞாயிறும் தனக்குச் சந்திராட்டமம் என்றார். அவருக்குத் திருவாதிரை நட்சத்திரம். அன்றைக்குச் சந்திரன் அவருக்கு எட்டாம் இடத்தில் நிற்கிறதாம். அந்த நாளில் பயணம் வெளிக்கிட்டால் ஒன்றும் உருப்படாதாம்.

புஸ்பராணி தேங்காய் துருவுவதை நிற்பாட்டவில்லை. அப்ப நீங்கள் வீட்டிலை நில்லுங்கோ, சந்திரனைப் பார்த்துக்கொண்டு இருங்கோ, நாங்கள் போட்டு வாறம் என்றாள். குடும்பத் தலைவன் இல்லாமல் போவதா என்று நல்லம்மா இடையில் புகுந்தா. பிரதீபன் புத்தகத்தைத் தூக்கி எறிந்துவிட்டு முற்றத்துக்குப் போனான். துளசி தாயின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பார்வைதான் புஸ்பராணிக்குத் தாங்க ஏலாமல் போனது. தேங்காய்ப் பாதியைத் தூக்கித் திருவலையில் ஒரு அடி அடித்தாள்.

"நாளும் பாக்க வேண்டாம், கோளும் பாக்க வேண்டாம். இந்தப் பிள்ளையள் போகவேணும். அதுக்கு என்ன வழியோ, அதை உங்கடை பஞ்சாங்கத்திலை தேடுங்கோ."

ஆனந்தராசா கோபிக்கிற மனுசன் இல்லை. திரும்பிப் போய் உட்கார்ந்து தேடினார். உண்மையிலேயே ஒரு வழி இருந்தது. பரஸ்தானம். நல்ல நேரத்தில் ஆள் புறப்பட ஏலாவிட்டால், பயணத்துக்குக் கொண்டுபோகிற பையை அந்த நேரத்தில் வீட்டை விட்டு அனுப்பி, போகிற திசையில் உள்ள இன்னொரு வீட்டில் வைத்துவிடலாம். பை புறப்பட்டால் ஆள் புறப்பட்ட மாதிரித்தான். பிறகு எந்த நாளில் போனாலும் குற்றமில்லை, போகிற வழியில் பையை எடுத்துக்கொண்டு போகலாம். ஒரேயொரு கட்டுப்பாடு, வைத்த பை பயணம் முடியுமட்டும் திரும்ப வீட்டுக்கு வரக்கூடாது. செவ்வாய்க்கிழமை பின்னேரம் ராகு காலம் கழிய நல்ல நேரம் இருந்தது. பொலன்னறுவைப் பக்கமாய், கண்டி றோட்டைத் தாண்டினால் கிறிஸ்டின் வீடு இருந்தது.

விசர் பிடிச்ச வேலை என்று புஸ்பராணிக்குத் தோன்றினாலும், பயணம் பிழைத்துக்கொண்டதே என்று வாயை மூடிக்கொண்டாள். கிறிஸ்டினிடம் கேட்டபோது அவள் சிரித்துவிட்டு, உங்கடை சாமிக்கு எங்கடை வீட்டிலை வைக்கிறது ஆட்சேபனை இல்லையெண்டால் எங்கடை சாமிக்கும் இல்லை என்றாள்.

செவ்வாய்க்கிழமை கடையால் வரவே நேரம் போய்விட்டது. வந்த வேகத்தில் அறைக் கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கிய நீலப் பையை எடுத்தாள். அந்த வீட்டில் இருந்த நல்ல பை அது ஒன்றுதான். ஐந்து வருசமாய் அதுதான் ஓடுகிற பை. அதன் பக்கப் பொக்கற்றில் பிறப்புச் சான்றிதழ், காணி உறுதி எல்லாம் பொலித்தீன் உறையில் சுற்றியபடி எப்போதும் இருக்கும். பொழுதுபடுகிற நேரம் புருசனின் அடையாள அட்டையையும் தன்னுடையதையும் அதற்குள் வைப்பாள், இரவில் ஓடவேண்டி வந்தால் தேடிக்கொண்டு நிற்க ஏலாது. விடிந்ததும் எடுத்து அவரின் சேர்ட்டுப் பைக்குள் வைப்பாள். சமாதானம் என்று சொன்ன இந்த மாதங்களிலும் அந்தப் பழக்கத்தை அவள் விடவில்லை.

பொலித்தீன் உறையை எடுத்து அலுமாரிக்குள் வைத்தாள். பயணத்துக்குக் காணி உறுதி என்னத்துக்கு. பிறகு துவாய், சீப்பு, பிரதீபனின் காற்சட்டை, துளசியின் மஞ்சள் சட்டை என்று அடுக்கினாள். பார்த்தால் பைக்கடியில் ஒரு பழைய போர்வையும் அலுமினியக் கோப்பையும் அரை மெழுகுதிரியும் இருந்தன. துளசியின் வேலை. விடுதியிலை போர்வை தருவாங்கள், கோப்பை தருவாங்கள், லைற்றும் இருக்கு என்று சொல்லி எல்லாவற்றையும் வெளியே எடுத்துப் போட்டாள். இவள் அங்கால் திரும்ப, பிள்ளை திரும்பவும் வைத்தாள். புஸ்பராணி அதைக் கண்டு திரும்பவும் எடுத்துப் போட்டு, இனித் தொட்டால் அடிதான் என்றாள். அதற்குள் ஆனந்தராசா வாசலில் நின்று நேரம் போகுது, நேரம் போகுது என்று டிப்போவில் நிற்கிற மாதிரிச் சத்தம் போட்டார். பொழுது மங்கிக்கொண்டு வந்தது. அவளின் கை தன்பாட்டில் என்னென்னவோ எடுத்து வைத்தது. சிப்பை இழுத்து மூடிக் கொடுத்தாள்.

அவர் போன விதமும் ஒரு கூத்துத்தான். விளக்குக் கொளுத்தி, ஒரு துண்டு வெல்லம் வாயில் போட்டு, பையைத் தூக்கிப் படலை மட்டும் போக, நல்லம்மா தும்மினா. ஒற்றைத் தும்மல். திரும்பி வந்து, உட்கார்ந்து, தண்ணீர் குடித்து, மறுபடி வெளிக்கிட்டார். பின்னால் கூப்பிடக்கூடாது என்று எல்லாருக்கும் கட்டளை. பெருந்தெருவைக் கடந்து மனுசன் திரும்பிப் பாராமல் போவதைப் புஸ்பராணி படலையில் நின்று பார்த்தாள். கோபத்துக்குள்ளும் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஓ, புறப்பட்டாச்சு.

விடிய முன்னம் துறைமுகப் பக்கம் பெரிய சத்தம் கேட்டது. யன்னல் அதிர்ந்தது. பிறகு இன்னுமொன்று. வீட்டில் எல்லாரும் எழும்பி இருந்தார்கள். வெளிச்சம் வர, வானொலியில் கடற்படைக் கப்பல்கள் அடிபட்ட செய்தி சொன்னார்கள். அவ்வளவுதான், சமாதானம் முடிந்தது. காலைத் தேத்தண்ணீர் ஆற முதல் ஒழுங்கைக்குள் ஆமி இறங்கிவிட்டது. ஆம்பிளைகள் எல்லாரும் அடையாள அட்டையோடு பள்ளிக்கூட வளவுக்கு வரவேணும் என்று ஒலிபெருக்கியில் சொன்னார்கள்.

ஆனந்தராசா சேர்ட்டைப் போட்டுக்கொண்டு அதன் பையைத் தடவினார். ஒன்றுமில்லை. இன்றைக்கு எடுத்து வைக்கேல்லையோ என்று கேட்டார். புஸ்பராணி கதவுக்குப் பின்னால் பார்த்தாள். ஆணி வெறுமனே இருந்தது. அலுமாரிக்குள் பொலித்தீன் உறை இருந்தது, அதற்குள் அட்டைகள் இல்லை. நேற்றைய பின்னேரம் அவளுக்கு நினைவு வந்தது. பொழுதுபட்ட நேரம். கையில் நீலப் பை. ஐந்து வருசமாய்ச் செய்கிறதைக் கை செய்துவிட்டது. இரண்டு அட்டையும் பக்கப் பொக்கற்றில், கிறிஸ்டின் வீட்டில், கண்டி றோட்டுக்கு அந்தப் பக்கம்.

அட்டையில்லாமல் சுற்றிவளைப்பில் அகப்பட்ட ஆட்களுக்கு என்ன நடந்தது என்று அந்தத் தெருவில் எல்லாருக்கும் தெரியும். தெரியாதவன் போல் நின்றவர் ஆனந்தராசா ஒருத்தர்தான். நீர்தானே வைச்சனீர் என்று ஒரு சொல் அவர் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவளுக்கு ஆறுதலாய் இருந்திருக்கும், திருப்பி ஏசியிருக்கலாம். ஓடிப்போய் எடுத்துக்கொண்டு வாறன் என்று அவள் வெளிக்கிட, மனுசன் சொன்னார்:

"அட்டையை மட்டும் எடும். பையை வீட்டை கொண்டுவந்திடாதையும்."

புஸ்பராணிக்கு ஆத்திரம் பற்றிக்கொண்டு வந்தது. இந்த நேரத்திலும் பரஸ்தானம். இவரைக் கொண்டுபோனால் ஆமிக்காரன்தான் பாவம். அதற்குள் இரண்டு பேர் வாசலுக்கு வந்து அவரைக் கையைக் காட்டிக் கூப்பிட்டார்கள். அவர் அமைதியாய்ச் செருப்பைப் போட்டுக்கொண்டு போனார். வலது காலை முன்னுக்கு வைத்தார். அதையும் அவள் கண்டாள்.

பிரதீபனை நல்லம்மாவோடு இருத்திவிட்டுத் துளசியைக் கையில் பிடித்துக்கொண்டு இறங்கினாள். பிள்ளையோடு போகிற பொம்பிளையை அவ்வளவாய் வெருட்டமாட்டார்கள் என்றுதான் கூட்டிக்கொண்டு போனாள். அப்படிப் பிள்ளையை மறைப்பாகப் பிடித்துக்கொண்டு போவது அவளுக்கு வெட்கமாய் இருந்தது. பெருந்தெருவில் நின்றவன் துவக்கை நீட்டினான். அவள் பள்ளிக்கூடப் பக்கம் கையைக் காட்டி, தெரிந்த சிங்களத்தில் மஹத்தயா, ஐடென்ரிட்டி என்று சொல்லிச் சொல்லிக் கடந்தாள். கிறிஸ்டின் கதவைத் திறந்து பையை நீட்டினாள். புஸ்பராணி சிப்பைத் திறந்து அட்டையைத் தேடக்கூட நிற்கவில்லை. றோட்டில் நின்றவன் பார்த்துக்கொண்டிருந்தான். பையோடு நடந்தாள்.

பள்ளிக்கூட வாசலில் அதுவே வினையாய்ப் போனது. வாசலில் ஒரு மேசை போட்டு இளம் அதிகாரி ஒருவன் இருந்தான். கண் சிவந்து, முகம் வீங்கி, இரவிரவாய் நித்திரையில்லாத ஆள். பையைத் தலைகீழாய்க் கவிழ்த்தான். துவாய், சீப்பு, மஞ்சள் சட்டை. அட்டைகள் இரண்டும் விழுந்தன. அதற்குப் பின்னால் போர்வை, அலுமினியக் கோப்பை, அரை மெழுகுதிரி, ஒரு நெருப்புப் பெட்டி. புஸ்பராணி துளசியைத் திரும்பிப் பார்த்தாள். துளசி நிலத்தைப் பார்த்தாள்.

பை எங்கேயிருந்து வருகுது என்று அதிகாரி கேட்க, நேற்றுப் பின்னேரம் றோட்டுக்கு அந்தப் பக்கத்து வீட்டில் வைத்தது என்று அரைகுறைச் சிங்களத்தில் புஸ்பராணி உளறிவிட்டாள். அட்டையில் இருந்த பெயரைக் கூப்பிட்டு வரிசையிலிருந்து ஆனந்தராசாவைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். அதிகாரி கேட்ட கேள்வி, சங்கக்கடைச் சிங்களம் மட்டும் தெரிந்த புஸ்பராணிக்கும் விளங்கியது. நேற்றுப் பின்னேரம் வீட்டுப் பையைக் கட்டி, அடையாள அட்டையையும் வைத்து, அடுத்த வீட்டில் கொண்டுபோய் ஒளித்திருக்கிறாய். இரவு அடி நடக்கிறது. உனக்கு முதலே சொன்னது யார்?

எல்லாம் அவளின் வேலை. தான் கட்டின பை, தான் வைத்த அட்டை, தான் பிடித்த பிடிவாதம். ஏதாவது ஒரு பொய்யைச் சொல்லித் தப்பு மனுசா என்று மனதுக்குள் மன்றாடினாள். ஆனால் ஆனந்தராசாவுக்குப் பொய் வராது. டிப்போச் சிங்களத்தில் ஆறுதலாய்த் தொடங்கினார். பொலன்னறுவைப் பயணம், சனிக்கிழமை, வான், பிறகு நெகத. நல்ல நேரத்துக்குச் சிங்களத்தில் நெகத என்பார்கள். தன் நட்சத்திரம், சந்திரன் எட்டில் நிற்கிற கதை, பை புறப்பட்டால் ஆள் புறப்பட்ட கணக்கு, வெல்லம், நல்லம்மாவின் தும்மல், ஒன்றையும் விடவில்லை. சுருக்கமாய்ச் சொல்லித் தொலையுங்கோ என்று புஸ்பராணிக்குக் கத்தவேணும் போலிருந்தது. இத்தனை நாளாய்ப் பஞ்சாங்கத்தைத் திட்டினவள், அதில் ஒரு சொல்லும் பிசகாமல் அவர் சொல்லவேணும் என்று இப்போது பிள்ளையின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

அதிகாரி கையைத் தூக்கி நிறுத்தினான். தன்னையும் அம்மா புதுவருசம் முடிய நெகத பார்த்துத்தான் வீட்டிலிருந்து அனுப்பினா என்று சலிப்போடு சொன்னான். வந்து இறங்கின அடுத்த நாள் இது என்றான். அவன் சிரிக்கவில்லை. பிறகு கோப்பையையும் மெழுகுதிரியையும் தூக்கிக் காட்டினான். சரி, பயணம் போகிற ஆளுக்கு இது என்னத்துக்கு?

ஆனந்தராசாவுக்கு அது தெரியாது. புஸ்பராணியைப் பார்த்தார். அவளுக்குத் தெரியும், ஆனால் சொல்ல அவளின் சிங்களம் காணாது. துளசிதான் தமிழில் சொன்னாள்.

"நான்தான் வைச்சனான். பயணம் போனால் பள்ளிக்கூடத்திலைதானே படுக்கிறது. அங்கை கறண்ட் இருக்காது."

என்ன சொல்கிறாள் என்று அதிகாரி கேட்டான். ஆனந்தராசா சிங்களத்தில் சொல்லத் தொடங்கினார். சந்திரனையும் எட்டாம் இடத்தையும் தடக்காமல் சொன்ன மனுசன் இந்த ஒரு வசனத்தைப் பாதியில் விட்டுவிட்டு, திரும்பவும் தொடங்கிச் சொல்லி முடித்தார். அதிகாரி பிள்ளையைப் பார்த்தான். மெழுகுதிரியை எடுத்துப் பைக்குள் வைத்தான். அட்டைகளை மேசையில் தள்ளிவிட்டு, அடுத்த ஆளைக் கூப்பிடச் சொன்னான்.

ஆனாலும் அன்றைக்கு விட்டார்களா என்றால் இல்லை. வீடு வீடாய்த் தேடி முடியுமட்டும் ஒருத்தரும் வெளியே போக ஏலாது. பொம்பிளைகளையும் பிள்ளைகளையும் வகுப்பறைகளுக்குள் இருக்கவிட்டார்கள். துளசி வாங்குகளை ஒருபக்கம் தள்ளி, சுவரோரமாய் வெயில் படாத மூலையொன்றைப் பார்த்து, போர்வையை விரித்தாள். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. கோப்பையில் தண்ணீர் பிடித்து வந்து தாய்க்கு நீட்டினாள்.

"நல்ல காலம் நான் வைச்சனான். நீங்கள் எடுத்துப் போட்டிட்டீங்கள்."

புஸ்பராணி தண்ணீரைக் குடித்தாள். பிள்ளை தன்னை ஏசியிருந்தால் பரவாயில்லை. அவள் சொன்னது சரியாய் இருந்ததுதான் தாங்க ஏலாமல் இருந்தது. முகத்தைச் சேலைத் தலைப்பால் துடைத்துக்கொண்டு, வெளியில் வரிசையில் குந்தியிருந்த புருசனின் முதுகைப் பார்த்தபடி பின்னேரம்வரை இருந்தாள்.

பொழுது சாய விட்டார்கள். மூன்று பேரும் கண்டி றோட்டு ஓரமாய் நடந்தார்கள். ஆனந்தராசாவின் சேர்ட்டுப் பைக்குள் அட்டைகள் இருந்தன, தோளில் நீலப் பை இருந்தது. இனிப் பொலன்னறுவை இல்லை என்று மூன்று பேருக்கும் தெரியும். றஹ்மான் நானா வானைக் கந்தளாய்ப் பக்கம் திருப்பவே மாட்டார். தங்கள் ஒழுங்கைக்குத் திரும்புகிற இடத்தில் ஆனந்தராசா நின்றார். பையைப் பற்றிச் சொல்லப் பயமாய் இருந்திருக்கும். பையை மற்றத் தோளுக்கு மாற்றிக்கொண்டு ஒழுங்கைக்குள் காலை வைத்தார். முதல்தரமாய், எந்தக் கால் என்று பாராமல்.

புஸ்பராணி எட்டிப் பையைப் பிடுங்கினாள். துளசியையும் இழுத்துக்கொண்டு றோட்டைத் தாண்டிக் கிறிஸ்டின் வீட்டுப் படலையைத் தட்டினாள். கிறிஸ்டின் வந்ததும், நின்ற நிலையில் பையைத் திறந்து போர்வையையும் கோப்பையையும் மெழுகுதிரியையும் வெளியே எடுத்துத் துளசியின் கையில் கொடுத்தாள். சிப்பை மூடிப் பையைக் கிறிஸ்டினிடம் நீட்டினாள்.

கிறிஸ்டினுக்கு ஒன்றும் விளங்கவில்லை. சண்டை தொடங்கிவிட்டதே, இனி எப்போ என்று கேட்டாள். வைத்த பை திரும்பி வீட்டுக்குப் போகக்கூடாது, கிடக்கட்டும் என்றாள் புஸ்பராணி. றோட்டுக்கு அந்தப் பக்கம் நின்ற ஆனந்தராசா அவளையே பார்த்துக்கொண்டு நின்றார். கிறிஸ்டின் பையை அமத்திப் பார்த்தாள், உள்ளே துணிதான் இருந்தது.

"பிள்ளையின்ரை புதுச் சட்டையெல்லோ இதுக்குள்ளை. வளருற பிள்ளை, கட்டையாப் போயிடும், புஸ்பம்."

"கரை மடிச்சுத்தான் தைச்சனான்," என்றாள் புஸ்பராணி. "இறக்கிவிடலாம்."

துளசியின் கையிலிருந்த போர்வையை வாங்கித் தன் தோளில் போட்டுக்கொண்டு, ஊரடங்குக்கு முதல் வீட்டுக்குப் போகவேணும் என்று பிள்ளையைக் கெதியாய் நடக்கச் சொன்னாள்.